யாருக்கு இந்தப் பாதுகாப்பு? குடும்ப வன்முறைச் சட்டம் யாரை ஏற்கிறது, யாரை விலக்குகிறது

"அடித்துத் துரத்திவிட்டான்" என்று மகளிர் காவல் நிலையத்துக்கு வரும் பெண்ணிடம் பெரும்பாலும் முதலில் கேட்கப்படுவது கல்யாணப் பத்திரிகையும் போட்டோவும்தான். பதிவுச் சான்று இல்லையென்றால் கேட்பவரின் குரல் இன்னும் இறுகும். கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவளை அண்ணன் வெளியே தள்ளினால், "இது சொத்துத் தகராறும்மா, சிவில் கோர்ட்ல பாத்துக்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இரண்டு இடத்திலும் சட்டம் அந்தப் பெண்ணின் பக்கம்தான் இருக்கிறது. அதை அவளுக்கு எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, பாதுகாப்பு உத்தரவு கேட்டு வருபவரிடம் அடிப்படையில் இரண்டு கேள்விகளையே கேட்கிறது. வருபவர் பெண்ணா? யார்மீது புகாரோ அவரோடு குடும்ப உறவில் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்கிறாரா? இந்த இரண்டுக்கும் கடந்த 20 ஆண்டுகளில் நீதிமன்றங்கள் என்ன விடை சொல்லி வந்திருக்கின்றன என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. வீடு பற்றிய கேள்விக்குத் தாராளமான விடை கிடைத்திருக்கிறது. பெண் யார் என்ற கேள்வி மெதுவாகத்தான் நகர்கிறது. மணமானவர் என்று தெரிந்தே ஓர் ஆணோடு வாழ்ந்த பெண்ணையோ, சட்டத்தின் வாசகம் விலக்காதபோதும் தீர்ப்புகள் வெளியே நிறுத்தியிருக்கின்றன. என் முடிவு இதுதான். காரணங்களை இனிப் பார்ப்போம்.

சட்டம் வந்த வழி

1983இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு சேர்ந்தது. கணவனோ அவன் உறவினரோ மனைவிக்குச் செய்யும் கொடுமை அதன்பின் தனிக் குற்றமானது. (இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகளில் இருக்கிறது.) ஆனால் அந்தப் பிரிவு மனைவிக்கு மட்டுமே உரியது. அதன் முடிவும் தண்டனைதான். கணவன் கைதாகலாம், அன்றிரவு அவள் எங்கே தூங்குவாள், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவார்கள் என்ற கேள்விகளுக்கு அதில் விடை கிடையாது. தாய், மகள், சகோதரி, விதவையான மருமகள் ஆகியோர் வீட்டுக்குள் படும் அடிக்கோ தனியாக ஒரு நிவாரணமும் இல்லை.

2002இல் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. வழக்கமாகத் தாக்கினால்தான் வன்முறை என்றும், தன்னையோ தன் சொத்தையோ காத்துக்கொள்ளச் செய்தது வன்முறையாகாது என்றும் அதில் எழுதியிருந்தார்கள். திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்த பெண்களுக்கு அதில் இடமில்லை. பெண்கள் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங்கின் லாயர்ஸ் கலெக்டிவ் அமைப்பு தயாரித்த மாற்று வரைவு அந்த எதிர்ப்புக்கு வடிவம் கொடுத்தது. இன்றைய சட்டம் 2005 செப்டம்பர் 13 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சட்டத்தின் அமைப்பு புதிது. மனு போகும் இடம் குற்றவியல் நடுவர் நீதிமன்றம். கிடைப்பவையோ சிவில் நிவாரணங்கள். மேலும் வன்முறை செய்யாதே, அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போகாதே, போனில் தொல்லை கொடுக்காதே என்று தடுக்கும் பாதுகாப்பு உத்தரவு 18ஆம் பிரிவில் வருகிறது. வீட்டிலிருந்து வெளியேற்றத் தடை, அல்லது அதே தரத்தில் வேறு வீடு என்பது 19ஆம் பிரிவு. செலவுப் பணம் 20இலும், பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமை 21இலும், இழப்பீடு 22இலும் உள்ளன. அவசரமென்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு போட 23ஆம் பிரிவு இடம் தருகிறது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் அந்த மீறல் குற்றமாகும்: ஓராண்டுவரை சிறை, 20,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

உள்ளே வருபவர் யார்

மனு செய்யக்கூடிய 'பாதிக்கப்பட்ட நபர்' யாரென்று 2(ஏ) பிரிவு சொல்கிறது: எதிர்மனுதாரரோடு குடும்ப உறவில் இருக்கிற, அல்லது இருந்த, எந்தப் பெண்ணும். குடும்ப உறவுக்கு 2(எஃப்) ஐந்து வழிகளைக் காட்டுகிறது. இரத்த உறவு, திருமணம், திருமணத்தின் தன்மையுள்ள உறவு, தத்து, கூட்டுக் குடும்பமாகச் சேர்ந்து வாழ்தல். இவற்றில் ஏதாவது ஒன்றால் இணைந்தவர்கள் ஒரே வீட்டில் இப்போது வாழ வேண்டும், அல்லது எப்போதாவது வாழ்ந்திருக்க வேண்டும்.

எனவே வருபவர் மனைவியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மகனிடம் அடிவாங்கும் தாய், தந்தையின் கைக்குப் பயந்து வாழும் கல்லூரி மாணவி, அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கும் தங்கை, மைத்துனனிடம் வதைபடும் விதவை, தத்தெடுக்கப்பட்ட மகள் ஆகிய எல்லோரும் இந்த வரையறைக்குள் வருகிறார்கள். 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த அஜய்குமார் எதிர் லதா வழக்கில், இறந்துபோன கணவனும் அவன் சகோதரனும் சேர்ந்து மளிகைக் கடை நடத்தியிருந்தார்கள். குடும்பம் ஒரே பூர்வீக வீட்டில் இருந்தது. விதவைக்கும் குழந்தைக்கும் அந்தச் சகோதரன் இடைக்காலச் செலவுத் தொகை கொடுக்க வேண்டும் என்ற உத்தரவில் தலையிட நீதிமன்றம் மறுத்தது.

மதம் இங்கே தடையில்லை. இந்தியாவிலுள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும், மதமோ சமூகப் பின்னணியோ பாராமல், இந்தச் சட்டம் பொருந்தும் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் சொன்னது. இந்துப் பெண்ணுக்கும் முஸ்லிம் பெண்ணுக்கும் கிறிஸ்தவப் பெண்ணுக்கும் விவாகரத்துச் சட்டங்கள் வேறுவேறு. அடி விழும்போது கேட்கக்கூடிய பாதுகாப்பு எல்லோருக்கும் ஒன்றே.

வெளியே நிற்பவர்களும் உண்டு. சேர்ந்து வாழாத காதலன் மிரட்டினால் இந்தச் சட்டம் உதவாது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை முதலாளி அடித்தால் அது வேறு சட்டத்தின் விஷயம். ஒரே கூரையின்கீழ் தங்கியிருந்தாலும் அவளுக்கும் முதலாளிக்கும் இடையே குடும்ப உறவு இல்லை. அலுவலகத் தொல்லைக்கு 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

பிரிந்தவள், விவாகரத்தானவள், விதவை

மனைவி விஷயத்தில் முதலில் எழுந்த சிக்கல் காலம் சம்பந்தப்பட்டது. "வாழ்ந்து பத்து வருஷமாச்சு, இப்ப என்ன கேஸ்?" என்பது எதிர்த்தரப்பு வக்கீலின் வழக்கமான முதல் கேள்வி. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கே இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. பிரிந்து பல ஆண்டுகள் கழித்து ஒரு பெண் போட்ட மனுவை, ஓராண்டுக் காலவரம்பு தாண்டிவிட்டது என்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 ஏப்ரலில் காமாட்சி எதிர் லட்சுமி நாராயணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. பாதுகாப்பு கேட்டு மனு போடுவது குற்றப் புகார் ஆகாது. குற்றங்களுக்கான காலவரம்பு, உத்தரவு மீறப்பட்ட பிறகுதான் பேச்சுக்கே வரும் என்றது.

அதே ஆண்டு மே மாதம் வந்த பிரபா தியாகி தீர்ப்பு இன்னும் ஒருபடி மேலே போனது. திருமணமான சில வாரங்களில் விபத்தில் கணவனை இழந்த பெண் தொடுத்த வழக்கு அது. மனு போடும் நாளில் அவள் அந்த வீட்டில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, அங்கே வாழும் உரிமை அவளுக்கு இருந்தாலே போதும் என்றது நீதிமன்றம். கல்யாணமாகி மாமியார் வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே தடுக்கப்பட்ட பெண்ணுக்கும் இது பொருந்தும். இதே திசையில் 2007இலேயே சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லியிருந்தது.

நீதிமன்றம் வழங்கும் தனித்து வாழும் ஆணை திருமணத்தை முறிப்பதில்லை. அதனால் அப்படிப் பிரிந்திருப்பவளும் மனு செய்யலாம். அவளுடைய நகையையும் சீர்வரிசைப் பொருளையும் திருப்பித் தராமல் வைத்திருப்பது நாள்தோறும் தொடரும் தவறு என்று 2015இல் கிருஷ்ணா பட்டாச்சார்ஜி வழக்கில் முடிவானது. விவாகரத்தான பெண்ணுக்கு மட்டும் பாதை அவ்வளவு நேர்கோடாக இல்லை. பரஸ்பர சம்மதத்தோடு பெற்ற விவாகரத்து ஆணை நிற்கும்வரை, அதன் பிறகு குடும்ப உறவு இருந்ததாகச் சொல்ல முடியாது என்று 2011இல் இந்தர்ஜித் சிங் கிரேவால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. மூன்று ஆண்டு கழித்து ஜுவேரியா வழக்கில், திருமணம் இருந்த காலத்தில் நடந்த வன்முறைக்குப் பொறுப்பேற்பதிலிருந்து பின்னால் வந்த விவாகரத்து ஒருவனைக் காப்பாற்றாது என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கணக்கு இப்படி வரும்: வன்முறை எப்போது நடந்தது என்பதே முக்கியம், திருமணம் உயிரோடிருந்தபோது நடந்திருந்தால் விவாகரத்துக்குப் பிறகும் வழி உண்டு.

வீடு யாருடையது என்ற சண்டை

2006 டிசம்பரில், சட்டம் நடைமுறைக்கு வந்த இரண்டே மாதத்தில், எஸ்.ஆர்.பத்ரா எதிர் தருணா பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. வீடு மாமியார் பெயரில் இருந்தால் அதில் மருமகளுக்கு உரிமையில்லை. கணவனுக்குச் சொந்தமான, அவன் வாடகைக்கு எடுத்த, அல்லது அவன் உறுப்பினராக உள்ள கூட்டுக் குடும்பத்தின் வீடே 'பகிர்ந்து வாழும் வீடு' என்றது. நம் ஊர்களில் பல வீடுகளின் பட்டா மாமனார் பெயரிலோ மாமியார் பெயரிலோதான் இருக்கும். பத்ரா தீர்ப்பு கையிலிருந்த வரையில், மருமகளை வெளியேற்ற நினைத்தவர்களுக்கு வேலை சுலபமாக இருந்தது: "வீடு எங்க அம்மாவோடது" என்று ஒரு வரி சொன்னால் போதும்.

அந்த வரியின் பலம் 14 ஆண்டுகள் நீடித்தது. 2020 அக்டோபர் 15 அன்று சதீஷ் சந்தர் அஹூஜா எதிர் சினேகா அஹூஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு பத்ரா தீர்ப்பைத் தவறு என்று ஒதுக்கியது. கணவனின் உறவினர் பெயரில் உள்ள வீடும், அவள் அங்கே நிலையாகக் குடும்பம் நடத்தியிருந்தால், பகிர்ந்து வாழும் வீடாகலாம். அதற்காக மாமனாரின் உரிமையும் அழிந்துவிடாது. வயதான பெற்றோரின் நிம்மதியையும் மருமகளின் இருப்பிடத்தையும் ஒருசேர எடைபோட்டு, தேவையானால் வேறு வீடு கொடுக்கச் சொல்லலாம். இரண்டு மாதம் கழித்து எஸ்.வனிதா வழக்கில், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைக் காட்டி மருமகளைத் துரத்துவதும் அவ்வளவு எளிதல்ல என்று நீதிமன்றம் சொன்னது. இரண்டு சட்டங்களையும் இணக்கமாகப் படிக்க வேண்டும். ஒன்றை வைத்து மற்றதைச் செல்லாததாக்க முடியாது.

யாருக்கு எதிராக

யார் கேட்கலாம் என்பதோடு பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது யாருக்கு எதிராக என்ற கேள்வி. மூலச் சட்டத்தில் எதிர்மனுதாரர் 'வயதுவந்த ஆண்' ஆக இருக்க வேண்டும். மனைவியோ, திருமணம் போன்ற உறவிலுள்ள பெண்ணோ மட்டும் கணவனின் உறவினர்மீதும் புகார் செய்யலாம் என்று ஒரு விதிவிலக்கு இருந்தது. இதன் விளைவைப் பாருங்கள். மருமகள் மாமியார்மீது வழக்குப் போடலாம். மாமியாரோ தன்னை அடிக்கும் மருமகள்மீது போட முடியாது. தங்கை அண்ணன்மீது போடலாம், அண்ணனோடு சேர்ந்து அவளைத் துரத்திய அண்ணிமீது முடியாது.

மகாராஷ்டிரத்தில் ஒரு தாயும் மகளும் சேர்ந்து, மகன், அவன் மனைவி, இரு மகள்கள் ஆகியோர்மீது போட்ட வழக்கு இந்த முடிச்சை அவிழ்த்தது. 2016 அக்டோபர் 6 அன்று ஹிரல் ஹர்சோரா எதிர் குசும் ஹர்சோரா வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் குரியன் ஜோசப்பும் ஆர்.எஃப்.நாரிமனும் 'வயதுவந்த ஆண்' என்ற சொற்களை அரசமைப்புக்கு முரண் என்று நீக்கினார்கள். வீட்டில் வன்முறை செய்பவர் ஆணாக மட்டுமே இருப்பார், அதுவும் 18 வயதுக்கு மேற்பட்டவராகவே இருப்பார் என்று சட்டம் எப்படி முன்கூட்டி முடிவு செய்யலாம் என்பது அவர்களது வாதம். 2025இல் மருமகள்மீது மாமியார் போட்ட மனுவை ஏற்கலாம் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது இந்த வழியில் வந்ததே. ஆனாலும் ஒரு வரம்பு அப்படியே இருக்கிறது: வீட்டைவிட்டு வெளியேறு என்ற உத்தரவைப் பெண்ணுக்கு எதிராகப் போடக்கூடாது என்கிறது 19ஆம் பிரிவு.

தாலி கட்டாதவளும் ஏமாற்றப்பட்டவளும்

இந்த ஆய்வின் கடினமான பகுதி இது. 'திருமணத்தின் தன்மையுள்ள உறவு' என்று எழுதிய நாடாளுமன்றம் அதற்கு விளக்கம் தரவில்லை. விளக்கம் முதலில் வந்தது கோவையில் தொடங்கிய ஒரு ஜீவனாம்ச வழக்கிலிருந்து. 2010 அக்டோபரில் வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் டி.எஸ்.தாக்கூரும் நான்கு நிபந்தனைகளைச் சொன்னார்கள். இருவரும் ஊரறியக் கணவன் மனைவியாக வாழ வேண்டும். திருமண வயது எட்டியிருக்க வேண்டும். இருவரும் சட்டப்படி மணமுடிக்கத் தகுதியுள்ளவர்களாக, அதாவது வேறு திருமணத்தில் கட்டுண்டிராதவர்களாக இருக்க வேண்டும். விரும்பி, குறிப்பிடத்தக்க காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். வார இறுதியில் சந்திப்பதோ ஓரிரவு உறவோ போதாது.

மூன்றாவது நிபந்தனையில்தான் பல பெண்கள் விழுந்தார்கள். ஆணுக்கு முன்பே மணமாகியிருந்தால், அவளுக்கு அது தெரியாமலே இருந்தாலும், வாசல் மூடிக்கொண்டது. மேலை நாட்டுச் சட்டத்தில் வழங்கும் சடங்கில்லாத் திருமணத்தின் இலக்கணத்தை எடுத்து நம் சட்டத்தின்மேல் வைத்ததன் விளைவு இது. 2(எஃப்) பிரிவில் அப்படியொரு நிபந்தனை எழுதப்படவில்லை.

2013 நவம்பரில் இந்திரா சர்மா எதிர் வி.கே.வி.சர்மா வழக்கில் நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணனும் பினாகி சந்திர கோஷும் இதை விரிவாகப் பார்த்தார்கள். பெங்களூரில் ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்த இருவர்; ஆண் மணமானவர், பிள்ளைகள் உள்ளவர். 1992 முதல் பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த பிறகு அவர் விலகிப் போனார். மாதம் 18,000 ரூபாய் கொடுக்கக் கீழ் நீதிமன்றம் உத்தரவிட்டது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றமும் அந்தப் பெண்ணுக்கு உதவவில்லை. அவர் மணமானவர் என்று தெரிந்தே அந்த உறவில் நுழைந்தாள் என்பது காரணம்.

ஆனால் அத்தீர்ப்பு இன்னொரு கதவை ஒருக்களித்து வைத்தது. மணமானவன் என்று தெரியாமல் வாழ்ந்த பெண்ணைப் பொறுத்தவரை அது திருமணத்தின் தன்மையுள்ள உறவாகலாம் என்றது. சேர்ந்து வாழ்ந்த காலம், ஒரே வீடு, பணத்தைப் பொதுவில் வைத்துச் செலவிட்டது, வீட்டு வேலைப் பொறுப்பு, தாம்பத்தியம், பிள்ளைகள், வெளியில் தம்பதியாகப் பழகியது, இருவரின் எண்ணம் ஆகிய எட்டு அம்சங்களையும் உறவின் அடையாளமாகப் பட்டியலிட்டது. அதற்கு முந்தைய மாதம்தான் பாதுஷா கோட்ஸே வழக்கில், முதல் மனைவியை மறைத்து இரண்டாவது கல்யாணம் செய்தவன் தன் மோசடியையே கேடயமாக்கி ஜீவனாம்சத்திலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2018இல் லலிதா டோப்போ வழக்கில், சட்டப்படி மனைவியாக இல்லாவிட்டாலும் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் நிவாரணம் கேட்கலாம் என்று உறுதிசெய்தது.

மிஞ்சுபவள், தெரிந்தே வாழ்ந்தவள். 'சின்ன வீடு' என்று ஊரார் கேலியாகச் சொல்லும் வீட்டில் 15, 20 ஆண்டுகள் சமைத்துப் போட்டுப் பிள்ளை வளர்த்த பெண்ணுக்கு அடி விழுந்தால் பாதுகாப்பு உத்தரவு கிடையாது என்பதே இன்றைய நிலை. இந்திரா சர்மா தீர்ப்பே இதன் அநீதியை உணர்ந்திருக்கிறது: இத்தகைய உறவு முறியும்போது ஏழைப் பெண்களும் பிள்ளைகளும்தான் பாதிக்கப்படுகிறார்கள், நாடாளுமன்றம் இதற்குச் சட்டம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. நாடாளுமன்றம் இன்றுவரை செய்யவில்லை.

மனைவியின் உரிமையைக் காக்கத்தான் இந்த விலக்கு என்று வாதிடுவார்கள். செலவுப் பணத்திலும் வீட்டிலும் அந்த வாதத்துக்கு நியாயம் உண்டு. ஒருவனின் சம்பளத்தில் இரண்டு குடும்பங்கள் பங்கு கேட்கும்போது சட்டபூர்வ மனைவிக்கு முன்னுரிமை தரலாம். "அவளை அடிக்காதே, அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போகாதே" என்ற உத்தரவால் முதல் மனைவிக்கு என்ன நட்டம்? 18ஆம் பிரிவின் பாதுகாப்பையும் 20ஆம் பிரிவின் பணத்தையும் பிரித்துப் பார்த்திருந்தால், நீதிமன்றமே இந்தச் சிக்கலைத் தீர்த்திருக்க முடியும்.

பெண் என்றால் யார்

சட்டத்தின் தலைப்பே பெண்களைப் பற்றியது. அரசமைப்பின் 15(3) பிரிவு பெண்களுக்கெனத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆண்களுக்குப் பாகுபாடு என்று சொல்லித் தொடுத்த வழக்கை 2008இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2017 ஏப்ரலில் ஆணும் மனு செய்யலாம் என்று கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி உத்தரவிட்டார். சில நாட்களிலேயே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஆகவே அடிபடும் கணவனோ வயதான தந்தையோ இந்தச் சட்டத்தில் மனுதாரர் ஆக முடியாது. தந்தைக்கு மூத்த குடிமக்கள் சட்டமும் மற்றவர்களுக்குப் பொதுக் குற்றவியல் சட்டமும் உள்ளன. ஆண் பிள்ளைகளுக்குத் தாயின் மனு வழியாகவே பாதுகாப்பு வரும். செலவுத் தொகை, பொறுப்பு, தாயைச் சார்ந்தவர்கள்மீது வன்முறைக்குத் தடை ஆகியவை அவர்களையும் சேர்த்தே இருக்கின்றன.

திருநங்கையரைப் பற்றிச் சட்டம் பேசவில்லை. 2005இல் யாரும் யோசிக்கவுமில்லை. 2014இல் உச்ச நீதிமன்றம் அளித்த நால்சா தீர்ப்பு தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டம் சொல்லும் மணமகளில் திருநங்கையும் அடங்குவார் என்று தீர்ப்பளித்தார். 2023 மார்ச்சில் மும்பை உயர் நீதிமன்றம், பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட திருநங்கை குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதிக்கப்பட்ட நபரே என்றது. அறுவை சிகிச்சையை அளவுகோலாக்கினால் நால்சா சொன்ன சுயநிர்ணயம் பாதியில் நின்றுவிடும். இந்தக் கேள்விக்கு நாடு முழுவதற்குமான ஒரே விடை தேவைப்படுகிறது.

சேர்ந்து வாழும் இரு பெண்களின் உறவை இந்தச் சட்டம் ஏற்கவில்லை என்று இந்திரா சர்மா தீர்ப்பு சொன்னது. 2023இல் தன்பாலினத் திருமணத்துக்கு உச்ச நீதிமன்றம் அங்கீகாரம் தரவில்லை. எனினும் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், திருமணம் இல்லாமலும் குடும்பம் அமையலாம் என்று சொன்னது கவனிக்கத்தக்கது. பெற்றோர் பிடித்து வைத்த மகள் அவர்கள்மீது மனு போடத் தடையில்லை. தன் துணையின் அடிக்கு எதிராகத்தான் அவளுக்கு வழியில்லை.

இந்த இடத்தில் பாக்குநீரிணைக்கு அப்பால் பார்ப்பது பயன்தரும். இலங்கையின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. கணவன், மனைவி, முன்னாள் துணை, சேர்ந்து வாழ்பவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர் எனப் பட்டியல் நீள்கிறது. பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸ் அதிகாரியே நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அங்கே குறை வேறிடத்தில்: பாதுகாப்பு உத்தரவின் ஆயுள் அதிகபட்சம் 12 மாதம். நம் சட்டத்திலோ, பாதிக்கப்பட்ட பெண்ணே அதை நீக்கக் கேட்கும்வரை, அல்லது சூழ்நிலை மாறியது என்று நீதிமன்றம் ஏற்கும்வரை உத்தரவு நிற்கும். வீட்டில் தங்கும் உரிமையும் நம் சட்டத்தில் இன்னும் அழுத்தமானது. வாசலை அகலமாக்கியது அவர்கள் சட்டம். உள்ளே தருவதை அதிகமாக்கியது நம் சட்டம்.

மனுவை யார் கொண்டுபோகலாம்

12ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்ட பெண்ணே மனு செய்யலாம். இந்தச் சட்டத்தின்கீழ் அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலர் அவளுக்காகச் செய்யலாம். அவள் சார்பில் வேறு எவரும் செய்யலாம். அவளுடைய அம்மாவோ தோழியோ தொண்டு நிறுவனத்துக்காரரோ போதும். எந்த ஊர் நீதிமன்றம் என்பதிலும் சட்டம் கருணை காட்டுகிறது. அவள் நிலையாகவோ தற்காலிகமாகவோ தங்கியிருக்கும் இடம் போதும் என்கிறது 27ஆம் பிரிவு. திருப்பூரில் அடிபட்டுத் தூத்துக்குடித் தாய்வீட்டுக்கு வந்தவள் தூத்துக்குடியிலேயே மனு போடலாம். முதல் விசாரணை பொதுவாக மூன்று நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. கோர்ட்டில் வாய்தா வாங்கிப் பழகிய எவருக்கும் அந்த எதிர்பார்ப்பின் கதி தெரியும்.

பாதுகாப்பு அலுவலர் நிரப்பும் குடும்ப நிகழ்வு அறிக்கையைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்தச் சட்டம் வன்முறையை எவ்வளவு நெருக்கமாக அறிந்திருக்கிறது என்பது புரியும். எங்கே, எப்போது, எதனால் அடித்தார் என்பதோடு அது நிற்பதில்லை. நடத்தையைச் சந்தேகித்தது, ஆண் குழந்தை பெறவில்லை என்று ஏசியது, வரதட்சணை கொண்டுவராததற்கு இழிவுசெய்தது, வேலைக்குப் போகவிடாதது, குறிப்பிட்ட ஒருவரைப் பார்க்கக் கூடாதென்றது, அவள் சம்பளத்தை அவளே செலவழிக்க விடாதது, சாப்பாடும் மருந்தும் துணியும் வாங்கித் தராதது, வீட்டு வாடகை கட்டாதது எனக் கட்டம் கட்டமாகக் கேட்கிறது. மருத்துவச் சான்று, சீர்வரிசைப் பட்டியல் இருந்தால் இணைக்கலாம். கல்யாணப் பதிவுச் சான்று கட்டாயமில்லை. சுயமரியாதைத் திருமணம் 1967இலேயே சட்டபூர்வமான தமிழ்நாட்டில், ஐயரும் பத்திரிகையும் இல்லாத கல்யாணத்தைக் கல்யாணமில்லை என்று எந்த அலுவலகமும் சொல்ல முடியாது. பிரபா தியாகி தீர்ப்பின்படி, இந்த அறிக்கை இல்லாமலே நேராக நீதிமன்றத்துக்குப் போகவும் தடையில்லை.

நடைமுறை அப்படி இல்லை. காவல் நிலையத்தில் புகார் வாங்கியதற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது, "ரெண்டு பேரும் பேசித் தீத்துக்குங்க" என்ற கவுன்சலிங், மறுபடியும் அதே வீடு. பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பதே பலருக்குத் தெரியாது. பல மாநிலங்களில் வேறு வேலையோடு கூடுதல் பொறுப்பாகவே அந்தப் பதவி ஒப்படைக்கப்பட்டதால், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, மாவட்ட, வட்ட அளவில் அலுவலர்களை அடையாளம் கண்டு நியமிக்க மாநிலங்களுக்குக் கெடு விதிக்க வேண்டியிருந்தது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரையுள்ள, திருமணமான அல்லது முன்பு மணமாகியிருந்த பெண்களில் சுமார் 38 சதவீதத்தினர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். நாட்டுச் சராசரி சுமார் 29. நாடு முழுவதும், உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம் மட்டுமே.

முடிவாக

தொகுத்துப் பார்த்தால் இன்றைய நிலை இது. மனைவி, பிரிந்தவள், விதவை, தாய், மகள், சகோதரி, மாமியார், மணமாகாத இருவர் சேர்ந்து வாழ்வதில் உள்ள பெண் ஆகிய எல்லோருக்கும் வழி தெளிவு. விவாகரத்தானவருக்கும் ஏமாற்றப்பட்ட இரண்டாம் மனைவிக்கும் வழி உண்டு, வாதாட வேண்டும். திருநங்கைக்கு வழி திறக்கத் தொடங்கியிருக்கிறது. மணமானவனோடு தெரிந்தே வாழ்ந்தவளுக்கும், பெண்ணோடு வாழும் பெண்ணுக்கும், ஆணுக்கும் இந்தச் சட்டத்தில் இடமில்லை. இவர்களில் முதல் இரு வகையினருக்காவது, பணமும் வீடும் கிடைக்கிறதோ இல்லையோ, 'அடிக்காதே' என்ற உத்தரவைக் கேட்கும் உரிமையை நாடாளுமன்றம் தர வேண்டும். 2013இல் உச்ச நீதிமன்றம் கேட்டதற்கு இனியாவது அது பதில் சொல்லட்டும்.

சட்டம் திருந்தும்வரை காத்திருக்காமல் நம்மால் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பக்கத்து வீட்டில் வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், 4ஆம் பிரிவின்படி எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்த தகவலுக்காக அவர்மீது சிவில் வழக்கும் வராது, குற்ற வழக்கும் வராது. 181 என்ற மகளிர் உதவி எண், மாவட்ட சமூக நல அலுவலகம், வருமான வரம்பின்றிப் பெண்களுக்கு இலவச வக்கீல் தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆகிய மூன்றையும் தெரிந்து வைத்திருங்கள். உதவி கேட்டு ஒருத்தி வந்தால், "உனக்குக் கல்யாணம் ஆச்சா?" என்று கேட்காதீர்கள். "அந்த வீட்டில் வாழ்ந்தாயா?" என்று கேளுங்கள். சட்டம் கேட்பது அதைத்தான்.